சென்னை மாநகரின் பொதுப் பூங்காக்கள்

மாணவச் செல்வங்களே, வரலாறு என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவன யாவை? போர்க்களங்கள், கோட்டைகள், அரியணைகள், உடன்படிக்கைகள். தேர்வுத் தாள்களிலும் இவையே இடம்பெறுகின்றன. ஆனால், ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய மற்றொரு வழியும் உண்டு. அந்நகரத்தின் எளிய குடும்பம் ஒன்று, விடுமுறை நாளின் மாலையில், கையில் மிகுதியான காசு இல்லாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கே போயிற்று என்று கேட்பதே அவ்வழி. இன்று அக்கேள்வியைச் சென்னை மாநகரை நோக்கிக் கேட்க விரும்புகிறேன்.

இக்கேள்வியை எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன். வடசென்னையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலம். தமிழாசிரியர் விடுப்பில் இருந்தமையால், ஒன்பதாம் வகுப்பின் கட்டுரை ஏடுகளைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'நான் கண்ட பூங்கா' என்பது தலைப்பு. ஏறக்குறைய எல்லா ஏடுகளிலும் ரோசா மலர்ந்திருந்தது; நீரூற்று பொங்கியது; வண்டுகள் ரீங்காரம் செய்தன. வழிகாட்டி நூலில் கண்டதை அப்படியே எழுதியிருந்தனர். ஓர் ஏட்டில் மட்டும் அரைப்பக்கமே இருந்தது. அதன் செய்தி இது: அவன் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தில் ஐவரும் ஒரு பூங்காவிற்குப் போனார்கள். வாயிலில் நுழைவுக் கட்டணம் கேட்டார்கள். தந்தையார் மடியிலிருந்த காசை இருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். மதிலுக்கு வெளியே சாய்ந்திருந்த ஒரு மரக்கிளையின் நிழலில், நடைபாதையில் அமர்ந்து, வேர்க்கடலை தின்றுவிட்டு வீடு திரும்பினார்கள். "ஆகையால் நான் கண்டது பூங்காவின் மதிலைத்தான்" என்று கட்டுரையை முடித்திருந்தான்.

அந்த வாக்கியத்தைப் படித்ததும் என் கையிலிருந்த சிவப்பு மைப் பேனா நின்றுவிட்டது. காரணம், அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் நடந்த சுற்றுலா. கட்டணம் வசூலித்தோம், செலுத்தியவர்கள் பேருந்தில் ஏறினார்கள், செலுத்தாதவர்கள் வீட்டில் இருந்தார்கள். செலுத்தியவர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதுமில்லை. பூங்கா வாயிலில் நின்று காசு கேட்டவருக்கும் எனக்கும் வேறுபாடு என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அன்றுமுதல், இந்நகரின் பொது வெளிகள் யாருக்காக, எவ்வாறு தோன்றின, எவ்வாறு சுருங்கின என்று தேடிப் படிக்கலானேன்.

நந்தவனமும் சோலையும் தமிழர்க்குப் புதியன அல்ல. புகார் நகரத்தைப் பாடிய காப்பியங்களில் இருவகைச் சோலைகளைக் காண்கிறோம். ஒன்று, அரசனுக்கும் அவன் சுற்றத்தார்க்கும் உரிய இலவந்திகை என்னும் காவல் மிக்க சோலை. மற்றவை, ஊரார் புகுந்து உலாவிய பொழில்கள். இந்திர விழாவின் முடிவில் ஊர் மக்கள் கடற்கரைக்குச் சென்று மகிழ்ந்ததைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கிறது. ஆக, மதில் சூழ்ந்த தோட்டம், மதில் இல்லாத கடற்கரை என்ற இருவேறு நிலைகள் அன்றே இருந்தன. சென்னையின் கதையும் இவ்விரண்டிற்கும் இடையில் நடந்த கதையே.

கும்பினியார் காலத்துச் சென்னையில் தோட்டங்களுக்குப் பஞ்சமில்லை. கோட்டையை விட்டு வெளியே வந்த வெள்ளை அதிகாரிகளும் வணிகரும் பரந்த நிலங்களை வளைத்துத் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டனர். 1835-ஆம் ஆண்டில் தோட்டக்கலைச் சங்கமும் தோன்றியது. ஆனால், கறுப்பர் பட்டணம் என்று அன்று அழைக்கப்பட்ட பகுதியின் நெருக்கமான தெருக்களில் வாழ்ந்தவர்க்கு, கோயில் குளக்கரையும் திருவிழாத் தெருவும் கடற்கரை மணலும் அன்றி வேறு வெளி இருந்ததில்லை.

இந்நிலையில் 1859-ஆம் ஆண்டில் சென்னை ஆளுநராக வந்தார் சர் சார்லசு டிரெவெல்யன். இங்கிலாந்தில் ஆலைகள் பெருகி, தொழிலாளர் குடியிருப்புகள் புகையாலும் நெருக்கத்தாலும் மூச்சுத் திணறிய காலம் அது. பொதுப் பணத்தில் எல்லோருக்கும் பூங்கா அமைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றிருந்தது. லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பெர்க்கன்கெட்டு என்னும் ஊரில் 1847-ஆம் ஆண்டில் அத்தகைய பூங்கா ஒன்று திறக்கப்பட்டிருந்தது. அவ்வெண்ணத்தை டிரெவெல்யன் சென்னைக்குக் கொணர்ந்தார். நகரின் வடபகுதிக்கு அண்மையில், இன்றைய சென்ட்ரல் நிலையத்தை அடுத்து, 116 ஏக்கர் பரப்பில் ஒரு பூங்கா உருவாயிற்று. அதற்குப் பீப்பிள்சு பார்க் என்று பெயரிட்டனர். மக்கள் பூங்கா என்பது அதன் பொருள். குளங்கள், பாதைகள், வாத்திய மேடை, விளையாட்டு இடங்கள் ஆகியன அதில் இருந்தன. பார்க் டவுன் என்று இன்றும் நாம் வழங்கும் பகுதி, அப்பூங்காவினால் பெற்ற பெயர் அது.

வரலாறு படிக்கும் நீங்கள் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இதே டிரெவெல்யன்தான், அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின்போது இங்கிலாந்தின் கருவூல அதிகாரியாக இருந்து, நிவாரணத்தைக் கடுமையாகச் சுருக்கியவர் என்று இன்றளவும் குற்றஞ்சாட்டப்படுபவர். அவரே சென்னையில், வருமான வரித் திட்டம் மக்களுக்குத் தீங்கு செய்யும் என்று எதிர்த்துத் தம் குறிப்பை வெளியிட்டு, 1860-ஆம் ஆண்டில் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர். ஒரு மனிதரை ஒரே சொல்லால் அளந்துவிட முடியாது. அவர் நட்ட மரத்தின் நிழலை நன்றியுடன் நினைக்கலாம். அவர் செய்த தீங்கையும் மறவாமல் இருக்கலாம். இவ்விரண்டும் சேர்ந்ததே வரலாற்றறிவு.

பூங்காவிற்கு உயிர் தந்தது விலங்குக் காட்சிச்சாலை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர், அருங்காட்சியகத்தில் இருந்த உயிருள்ள புலிக்குட்டியையும் சிறுத்தையையும் காணவே மக்கள் திரளாக வருவதைக் கவனித்தார். கருநாடக நவாபிடம் வேண்டி அவரிடமிருந்த விலங்குகளைப் பெற்று, 1855-ஆம் ஆண்டில் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குச்சாலை தொடங்கினார். சில ஆண்டுகளில் அது மக்கள் பூங்காவிற்கு மாற்றப்பட்டு நகராட்சியின் பொறுப்பில் வந்தது. படித்தவர் வைத்த பெயர்களைச் சென்னை மக்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தாமே பெயர் சூட்டினர். பாடம் பண்ணிய விலங்குகள் உள்ள அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. உயிருள்ள விலங்குகள் உள்ள இடம் 'உயிர்க் காலேஜ்'. கல்லூரிப் படியை மிதியாத மக்கள், தாம் குடும்பத்தோடு போய்க் கற்ற இடங்களைக் கல்லூரி என்றே அழைத்தனர். இதனினும் சிறந்த பாராட்டை எந்தப் பல்கலைக்கழகமும் பெற்றதில்லை என்பது என் கருத்து.

இப்பூங்காவின் வரலாற்றில் கண்ணீர் நாளும் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அங்கே ஒரு சந்தைக் காட்சி நடைபெறுவது வழக்கம். 1886-ஆம் ஆண்டின் இறுதி நாளில், அக்காட்சியில் தீப்பற்றிப் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மகிழ வந்த கூட்டமே மாளும் கூட்டமாயிற்று. பொதுமக்கள் கூடும் இடத்தில் பாதுகாப்பு என்பது அலங்காரத்திற்கு அடுத்தது அன்று, முந்தியது என்பதை அந்நாள் சொல்லிச் சென்றது. அப்பாடத்தை நாம் முழுதும் கற்றுவிட்டோம் என்று இன்றும் சொல்வதற்கில்லை.

தீ ஒரு நாளில் செய்ததை விடப் பெரிய மாற்றத்தைக் கட்டடங்கள் மெல்ல மெல்லச் செய்தன. 1880-களில் பூங்கா நிலத்தில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900-ஆம் ஆண்டில் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913-ஆம் ஆண்டில் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. பின்னர் விளையாட்டு அரங்கம் வந்தது. மூர் மார்க்கெட் 1985-ஆம் ஆண்டில் தீக்கிரையானபின், அவ்விடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. கடைக்காரர்களுக்காக அல்லிக்குளம் இருந்த இடத்தில் வணிக வளாகம் கட்டப்பட்டது. இன்று அங்கே அல்லியும் இல்லை, குளமும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. இவற்றுள் எதனையும் வீண் என்று சொல்ல இயலாது. மண்டபம் வேண்டும், அங்காடி வேண்டும், ரயில் நிலையம் வேண்டும். ஒவ்வொன்றும் தக்க காரணத்தோடுதான் வந்தது. ஆனால், தக்க காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தபோது, 116 ஏக்கர் மக்கள் பூங்காவில் எஞ்சியது, மை லேடீசு கார்டன் என்னும் சிறு தோட்டமும் சில துண்டுகளுமே. பொது நிலம் ஒரே நாளில் பறிபோவதில்லை. நல்ல காரணங்களால் சிறிது சிறிதாகக் கரைகிறது. இதனை நீங்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எஞ்சிய அப்பகுதியில் இருந்த உயிர்க் காலேஜை நான் என் இளமையில் கண்டிருக்கிறேன். நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருந்தோம். என் தந்தையார் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். மாதத்தில் ஒரு ஞாயிறு, கூவத்தின் பாலத்தைக் கடந்து எங்களை நடத்தியே அழைத்துச் செல்வார். அம்மா தூக்குப்பாத்திரத்தில் புளியோதரை கட்டி எடுத்து வருவார். மற்ற ஞாயிறுகளில், வீட்டிற்கு அருகிலிருந்த நேப்பியர் பூங்காவே போதும். அது பின்னர் மே தினப் பூங்கா எனப் பெயர் பெற்றது. கூண்டுகள் குறுகலாக இருந்தன. விலங்குகளுக்கு அது நல்வாழ்வு அன்று என்பதை இன்று அறிகிறோம். 1985-ஆம் ஆண்டில் அவை வண்டலூரின் பரந்த காட்டுவெளிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அறிஞர் அண்ணா விலங்கியல் பூங்கா என்னும் அது ஏறக்குறைய 600 ஹெக்டேர் பரப்புடையது. விலங்குகளுக்கு அம்மாற்றம் நன்மையே. ஆயினும், நடந்து போய்ப் பார்த்த உயிர்க் காலேஜ், ரயிலிலும் பேருந்திலும் முப்பது கிலோமீட்டர் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. வழிச்செலவும் நுழைவுச் செலவும் சேர்ந்தால், ஐவர் கொண்ட குடும்பத்திற்கு அது மாதம் ஒரு முறை நடக்கும் காரியமாக இல்லாமற்போயிற்று. ஒரு பூங்காவின் விலை வாயிலில் எழுதியுள்ள தொகை மட்டும் அன்று. வீட்டிலிருந்து அவ்வாயில் வரை உள்ள தொலைவும் அவ்விலையில் அடங்கும்.

இனிக் கடற்கரைக்கு வருவோம். மெரினா என்றும் இருந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். அவ்வாறன்று. ஒரு காலத்தில் கடலலை கோட்டைக்கு மிக அண்மையில் வந்து மோதியது. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கி, கடலுக்குள் கற்சுவர்களை நீட்டினர். நம் கடலோரமாக ஆண்டின் பெரும்பகுதி, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணல் நகர்ந்து செல்கிறது. அந்த ஓட்டத்தைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தடைப்பட்ட மணல் தெற்கே குவிந்து குவிந்து அகன்ற கடற்கரையாயிற்று. 1884-ஆம் ஆண்டில், ஆளுநர் கிராண்டு டஃப் அதன் ஓரத்தில் உலாவுசாலை அமைத்தார். தாம் சிசிலித் தீவில் கண்ட கடலோரத்தை நினைந்து மெரினா என்று இத்தாலியப் பெயர் சூட்டினார். சாரட்டு வண்டிகளில் சீமான்கள் காற்று வாங்குவதற்கு ஏற்ற இடமாக அது விளங்கிற்று.

ஆனால், மணலுக்கு மதில் கட்ட யாராலும் இயலவில்லை. நகரத்து மக்கள் அதனைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். விடுதலைப் போராட்டக் காலத்தில், திலகர் திடல் என்று பெயர் பெற்ற மணற்பரப்பில் பெருங்கூட்டங்கள் நடந்தன. 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள், சிங்காரவேலர் இந்நகரக் கடற்கரையில்தான் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். 1909-ஆம் ஆண்டில் மெரினாவில் திறக்கப்பட்ட மீன் காட்சிச்சாலை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்படும்வரை பிள்ளைகளின் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. 1895-ஆம் ஆண்டு முதல் 1953-ஆம் ஆண்டு வரை ஓடிய டிராம் வண்டிகளும், 1931-ஆம் ஆண்டில் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயிலும், குறைந்த கட்டணத்தில் மக்களை நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுசேர்த்தன. டிராமில் போய்த் திருவல்லிக்கேணியில் இறங்கி, கடற்கரையில் சுண்டல் தின்று திரும்பிய கதையை என் தந்தையார் சொல்லிச் சொல்லி மகிழ்வார். காணும் பொங்கல் அன்று மெரினாவில் நிற்பவர், சென்னை நகரமே ஒரு குடும்பமாகி மணலில் இலை போட்டு உண்பதைக் காணலாம். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் காலை, ஆழிப்பேரலை அதே மணலில் நடைபயின்றவர்களையும் விளையாடிய பிள்ளைகளையும் வாரிச் சென்றது. எனினும் சில நாட்களில் மக்கள் மீண்டும் வந்தனர். வேறு எங்கே போவார்கள்?

மணலின் கதைக்கு மற்றொரு பாதியும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பெரிய பூங்கா ஒன்று போதாது, ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு வெளி வேண்டும் என்ற கருத்து, முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கு வந்தது. அதனைக் கொணர்ந்தவர் பேட்ரிக் கெடிசு என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர். ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில், 1914-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்தார். நகரமைப்பை விளக்கும் படங்களும் வரைபடங்களும் அடங்கிய அவருடைய கண்காட்சிப் பொருள்கள் தனியே ஒரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைமீது குண்டு வீசிய எம்டன் கப்பலை நீங்கள் அறிவீர்கள். கெடிசின் பொருள்களை ஏற்றிவந்த கப்பலையும் அந்த எம்டனே மூழ்கடித்தது. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய பொருள்களைக் கொண்டு, 1915-ஆம் ஆண்டு சனவரியில் அவர் சென்னையில் கண்காட்சியை நடத்தியே தீர்ந்தார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல், ஆங்காங்கே சிறு வெளிகளைத் திறந்து, மரம் நட்டு, பெண்களும் குழந்தைகளும் வீட்டிற்கு அருகிலேயே காற்று வாங்க வழி செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. குளங்களையும் ஏரிகளையும் தூர்க்கலாகாது. அவை நகரத்தைக் குளிர்விப்பன, வெள்ளத்தைத் தாங்குவன என்றும் அவர் வாதிட்டார்.

1920-ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், மாம்பலத்தில் தியாகராய நகர் எழுந்தது. அதன் நடுவே, சாலைகள் பல வந்து கூடும் இடத்தில், முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரால் பூங்கா அமைந்தது. டாக்டர் நடேசன் பெயராலும் ஒரு பூங்கா அமைந்தது. குடியிருப்பைத் திட்டமிடும்போதே குழந்தைக்கும் முதியவருக்கும் இடம் ஒதுக்கியது மிகப் பெரிய முன்னேற்றம். ஆனால், அந்நகர் எழுந்த நிலம் எது? நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் பரப்பு. கெடிசு சொன்ன இரண்டு அறிவுரைகளுள் ஒன்றைக் கேட்டோம், மற்றொன்றை மறந்தோம். பூங்கா கிடைத்தது, ஏரி போயிற்று. மழைக்காலத்தில் மாம்பலத் தெருக்களில் நீர் நிற்கும்போதெல்லாம், அந்த ஏரி தன் பழைய முகவரியைத் தேடி வருகிறது என்றே நான் எண்ணுவதுண்டு.

விடுதலைக்குப் பின், மதிலுக்குள் இருந்த சில தோட்டங்களின் கதவு மக்களுக்குத் திறந்தது. கிண்டிக் காடு நெடுங்காலம் ஆளுநர்களுக்கு உரியதாக இருந்தது. 1950-களின் இறுதியில் அதன் ஒரு பகுதி, சிறுவர் பூங்காவாகவும் மான் பூங்காவாகவும் ஆயிற்று. 1972-ஆம் ஆண்டில் ரோமுலசு விட்டேக்கரின் பாம்புப் பண்ணை அங்கு வந்து சேர்ந்தது. பாம்பைக் கண்டால் அடி என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள், பாம்பைக் கண்டால் அறி என்று கற்ற இடம் அது. 1970-களில் காடு தேசியப் பூங்காவாயிற்று. ஏறக்குறைய 270 ஹெக்டேர் காடு, புள்ளிமானும் வெளிமானும் உலவ, மாநகரின் நடுவே நிற்பது உலகில் அரிய காட்சி.

1968-ஆம் ஆண்டில் நடந்த பன்னாட்டு வணிகப் பொருட்காட்சிக்காக, அண்ணா நகரில் 135 அடி உயரக் கோபுரம் எழுப்பப்பட்டது. பொருட்காட்சி முடிந்தபின் அவ்விடம் பூங்காவாயிற்று. 2011-ஆம் ஆண்டில் மூடப்பட்ட கோபுரம், 2023-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. உணவு விடுதி இருந்த கதீட்ரல் சாலை நிலத்தில், 2010-ஆம் ஆண்டில் 20 ஏக்கர் பரப்பில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. குப்பையும் கழிவும் நிறைந்து கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தின் 58 ஏக்கர் சீர்திருத்தப்பட்டு, 2011-ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பூங்காவாயிற்று. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்ததும், தாய்மார் பிள்ளைகளோடு வெளியே செல்லும் வழியை எளிதாக்கியது. 2022-ஆம் ஆண்டில், மெரினா மணலின்மீது மாற்றுத் திறனாளிகளுக்காக மரப்பாதை அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே புயல் அதனைச் சிதைத்தது, மீண்டும் சரிசெய்தனர். சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒரு முதியவர், அப்பாதையில் போய் முதன்முறையாக அலையை அண்மையில் பார்த்துக் கைகூப்பியதை நான் கண்டேன். கரைந்த பொது வெளியை மீட்கவும் முடியும், இதுவரை நுழையாதாரை நுழைவிக்கவும் முடியும் என்பதற்கு இவை சான்று.

இனி, என் மாணவனிடம் திரும்புகிறேன். அவன் கட்டுரையைப் படித்த அடுத்த ஆண்டு, எங்கள் பள்ளிச் சுற்றுலாவை மாற்றினேன். கட்டணம் இல்லை. வீட்டுக் கட்டுச்சோறு, ஒரு குவளைத் தண்ணீர், நடக்கும் கால்கள், இவையே வேண்டுவன என்று அறிவித்தேன். கடற்கரை நிலையம் வரை ரயில். அதற்கான சிறு தொகையை ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டோம். அங்கிருந்து கோட்டை வழியாக மெரினா வரை நடை. வகுப்பில் ஒருவர் விடாமல் வந்தனர். உழைப்பாளர் சிலை அருகே அமர்ந்து, துறைமுகச் சுவர் மணலைத் தடுத்த கதையை நான் விளக்கினேன். மணல் வடக்கே நகர்வது, சுவர் மறிப்பது, தெற்கே கரை அகல்வது எல்லாவற்றையும் குச்சியால் மணலில் வரைந்து காட்டினேன். பிள்ளைகள் தலையசைத்தனர். அந்த மாணவன் மட்டும் சிறிது நேரம் அவ்வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து நின்று, "ஐயா, அப்படியானால் எங்கள் பக்கத்துக்கு வரவேண்டிய மணல்தானே இங்கே கிடக்கிறது?" என்று கேட்டான்.

நான் அதனை முப்பது ஆண்டுகள் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. அவன் சொன்னது முற்றிலும் உண்மை. துறைமுகத்திற்கு வடக்கே மணல் வந்து சேராமையால், இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலும் அதற்கு அப்பாலும் கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. இன்று அங்கே கருங்கல் கொட்டிக் கடலைத் தடுத்து வைத்திருக்கிறோம். மெரினாவின் அகலமும் வடசென்னையின் இழப்பும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். தென்பகுதிப் பிள்ளை விளையாடும் மணல், வடபகுதிப் பிள்ளை இழந்த மணல். அவன் வீட்டார் அன்று பூங்காவைத் தேடி அலைந்ததற்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு இல்லை என்று எப்படிச் சொல்வேன்? "ஆம், தம்பி; உன் மணல்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, ஒரு பிடி மணலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

மாணவர்களே, வரலாற்றால் ஆய பயன் என்ன என்று கேட்பீராயின், அந்தக் கேள்வியே பயன் என்பேன். நீங்கள் அமரும் நிழல் யாரால் வந்தது, எவர் பங்கிலிருந்து வந்தது, எவர்க்கு இன்னும் கிட்டவில்லை என்று கேட்கப் பழகுங்கள். உங்கள் பேட்டையின் மாநகராட்சிப் பூங்காவிற்கு ஒரு மாலை செல்லுங்கள். அவை பெரும்பாலும் கட்டணமின்றியே திறந்திருக்கின்றன. அதன் பெயர் யாருடையது, அந்நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று முதியவர்களிடம் கேட்டு ஓர் ஏட்டில் எழுதுங்கள். எந்த நேரத்தில் வாயில் பூட்டப்படுகிறது, வேலை முடிந்து வரும் தாய் தந்தையர்க்கு அந்நேரம் பொருந்துமா, குடிநீரும் கழிப்பிடமும் உண்டா, சக்கர நாற்காலி நுழையுமா என்று பாருங்கள். குறை கண்டால், பண்போடு எழுதி உரியவர்க்கு அனுப்புங்கள். வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால், கட்டுச்சோற்றோடு அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் மறவாதீர்கள்.

நாளை நீங்கள் பொறியாளராகலாம்; அதிகாரியாகலாம்; நகர மன்றத்தில் அமரலாம். ஒரு பூங்காவின் மூலையில் மிக நல்ல காரணத்திற்காக ஒரு கட்டடம் வேண்டும் என்று ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும். கையெழுத்திடுமுன், 116 ஏக்கர் மக்கள் பூங்கா எவ்வாறு கரைந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மதிலை மட்டும் கண்டு திரும்பிய ஒரு பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.